அப்பாவின் ஆர்.எக்ஸ். 100 எட்டு மாதமாக மெக்கானிக் கையில்... மீட்பது எப்படி? அடுத்து யாரிடம் விடுவது?

தஞ்சை மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகி ஒரு பள்ளி ஆசிரியை. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய நீண்ட கடிதத்தின் சுருக்கம்:

“என் அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். 1994-இல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வாங்கினார். நான் கியர் வண்டி ஓட்டப் பழகியதே அதில்தான். அவருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து வண்டி வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. 2023-இல் அப்பா தவறிவிட்டார். வண்டியை மறுபடி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ‘இந்த மாடலெல்லாம் இப்ப எடுக்கறதில்லைங்க’ என்றார்கள். அப்பாவின் நண்பர் ஒரு மெக்கானிக்கைச் சொன்னார். முப்பது வருட அனுபவமாம். அவர் வண்டியைப் பார்த்த அன்றே ‘என்ஜின் இறக்கணும்’ என்றார். போரிங், பிஸ்டன் செட், கிராங்க் வேலை என்று 18,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். பத்தாயிரம் ஜிபேயில், எட்டாயிரம் கையில். பில் கிடையாது.

எட்டு மாதம் ஆகிறது. என்ஜின் பிரித்தபடியே கிடக்கிறது. இப்போது ‘உங்க என்ஜின் போச்சு, மதுரையிலேர்ந்து ஒரு நல்ல என்ஜின் வந்திருக்கு, இன்னும் 25,000 குடுங்க, உங்க பழைய நம்பரையே பன்ச் பண்ணிடலாம்’ என்கிறார். வேண்டாம், வண்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்றால் லேபர் 7,000, அதுபோக நாளுக்கு 50 ரூபாய் இடவாடகை கேட்கிறார். கேள்வி கேட்டால் ‘வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க’ என்று பேச்சை முடித்துவிடுகிறார். ஆர்சி அப்பா பெயரில் இருக்கிறது, 2024-இல் காலாவதியாகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் தம்பி, ‘பதினைந்து வருஷம் தாண்டின வண்டியை ஸ்கிராப்புக்குத்தான் போடணும், விட்டுத் தொலை’ என்கிறான். பில் இல்லாமல் நான் எதையாவது கேட்க முடியுமா? அந்த என்ஜினைப் போட்டுக்கொள்ளலாமா? நம்பிக்கையான மெக்கானிக்கை எப்படித்தான் கண்டுபிடிப்பது?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் அவசரம் இருக்கிறது. அந்த மதுரை என்ஜினுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வாய்வார்த்தையாகக்கூட ‘சரி’ சொல்லிவிடாதீர்கள். காரணத்தைக் கீழே விளக்குகிறேன். மற்ற கேள்விகளுக்கு ஓரிரு வாரம் பொறுத்து முடிவெடுத்தாலும் குடி முழுகிவிடாது.

நான் வழக்கறிஞர், மெக்கானிக் இல்லை. ஆனால் நுகர்வோர் வழக்குகளிலும் விபத்து இழப்பீட்டு வழக்குகளிலும் ஒர்க்‌ஷாப்காரர்களைக் குறுக்கு விசாரணை செய்யும் வேலை எனக்கு அடிக்கடி வரும். பிஸ்டனும் கிளட்சும் அப்படிக் கற்றதுதான். சொந்தமாக ஒரு பழைய வண்டியும் வைத்திருக்கிறேன் என்பதால் உங்கள் ஆசை எனக்குப் புரியாததில்லை.

பில் இல்லை என்பதால் எதுவும் கெட்டுவிடவில்லை

‘பில் வாங்காதது என் தப்பு, இனி எந்த முகத்தோடு கேட்பது’ என்ற தொனி உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. சட்டம் இதைத் தலைகீழாகப் பார்க்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செய்த வேலைக்கு பில்லோ ரசீதோ கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கைகளில் ஒன்று. தவறு கொடுக்காதவர்மேல்தான். பணம் கொடுத்து வேலை வாங்கிய நீங்கள் நுகர்வோர். சேவையில் குறைபாடு என்று புகார் சொல்ல அச்சடித்த பில் கட்டாயமில்லை, நடந்ததைக் காட்ட வேறு ஆதாரம் இருந்தால் போதும்.

உங்களிடம் அது நிறையவே இருக்கிறது. ஜிபேயில் போன பத்தாயிரத்துக்கு வங்கிக் கணக்கில் தேதியோடு பதிவு உண்டு. ‘அண்ணே, வண்டி எப்ப ரெடியாகும்?’ என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் கேட்டதும், அவர் ‘அடுத்த வாரம்மா’ என்று அனுப்பிய குரல் பதிவுகளும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குரல் பதிவுகள்தான் உங்கள் பில். போனை மாற்றும்போது அழிந்துவிடாமல் வேறு இடத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால், மின்னணு ஆதாரங்களோடு பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படி ஒரு சான்று இணைக்க வேண்டியிருக்கும், அது பெரிய வேலையில்லை. கையில் கொடுத்த எட்டாயிரத்துக்குத்தான் நேரடி ஆதாரம் இல்லை. இப்போதே ஒரு செய்தி அனுப்பிவையுங்கள்: ‘அண்ணே, நான் ஜிபேயில் பத்தாயிரமும் கையில் எட்டாயிரமும் கொடுத்திருக்கிறேன், அதில் இதுவரை என்ன என்ன வாங்கியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.’ அவர் தொகையை மறுக்காமல் பொருள்களின் பட்டியலைச் சொன்னாலே போதும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். ‘என் வண்டியை அவர் எப்படிப் பிடித்து வைக்கலாம்?’ என்று கேட்கிறீர்கள். ஓரளவுக்கு வைக்கலாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு, ஒரு பொருளின்மேல் உழைப்பும் திறமையும் செலுத்தியவர் கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. சட்டப் புத்தகத்திலேயே உதாரணம் இருக்கிறது: பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, தீட்டி முடித்த பொற்கொல்லர் கூலி வாங்கும்வரை வைத்துக்கொள்ளலாம். கவனியுங்கள், தீட்டி முடித்தவர். பேசியபடி, பேசிய காலத்துக்குள், காலம் பேசியிராவிட்டால் நியாயமான காலத்துக்குள் வேலையைச் செய்தவருக்கு உண்டான உரிமை அது. எட்டு மாதமாக என்ஜினைப் பிரித்துப் போட்டவர் ஏற்கெனவே 18,000 வாங்கிக்கொண்டு இன்னும் ஏழாயிரம் கேட்டால், எதற்கு என்று கணக்குக் காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. நாளுக்கு 50 ரூபாய் வாடகை என்பது முதல் நாளே பேசாத விஷயம். அந்தப் பிரிவு உழைப்புக்கும் திறமைக்குமான கூலியைப் பற்றித்தான் பேசுகிறது, இடவாடகையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அதேசமயம் என்ஜினை இறக்கிப் பிரித்ததும் வேலைதான். அதற்கு ஒரு நியாயமான கூலி அவருக்குச் சேரவேண்டும். அதை மறுத்துப் பேசினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

நம்பர் பன்ச்: இதில் மாட்டப்போவது நீங்கள்

‘அது மெக்கானிக் பார்த்துக்கொள்கிற விஷயம்தானே’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்சியில் இருப்பவை. ஆர்சி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்வது உரிமையாளரைப் பார்த்து. மீறினால் 182-ஏ பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உரிமையாளருக்குத்தான். இது முறையான அனுமதி இல்லாமல் மாற்றியதற்கு. வேறொரு என்ஜினின் எண்ணை அரத்தால் ராவிவிட்டு உங்கள் எண்ணை அடிப்பது அதைவிடப் பெரிய விவகாரம், போலி ஆவணக் குற்றம் வரை இழுத்துக்கொண்டு போகும்.

அந்த என்ஜின் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. ஆர்.எக்ஸ். 100 இந்தியாவில் 1985-இல் தொடங்கி 1996-ஓடு நின்றுபோன வண்டி. இன்று அதற்கு இருக்கும் மவுசு உங்களுக்கே தெரியும். மவுசு உள்ள பழைய வண்டி காணாமல் போவதும், பிரித்து விற்கப்படுவதும் எந்த ஊர் காவல் நிலையத்துக்கும் புதிதில்லை. ‘நம்பரை மாத்திடலாம்’ என்று ஒருவர் தானாகவே சொல்கிறார் என்றால், அதன் சொந்த நம்பரைக் காட்டமுடியாத காரணம் ஏதாவது இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த சட்டம்) 317-வது பிரிவு பாயும். ‘மெக்கானிக்தான் வாங்கினார்’ என்பது அப்போது எடுபடுமா என்பது சந்தேகம்தான். 25,000 கொடுத்தது நீங்கள், நம்பர் மாற்றப்போகிறார் என்று தெரிந்தே கொடுத்திருப்பீர்கள்.

என்ஜின் மாற்றவே முடியாதா என்றால், முடியும். விற்றவரின் ரசீதும் அந்த என்ஜின் எந்த வண்டியுடையது என்பதற்கான ஆவணங்களும் இருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, புதிய எண்ணை ஆர்சியில் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் உங்களுக்கு அது தேவைப்படுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

‘என்ஜின் போச்சு’ என்று அவர் சொன்னது எந்தப் பாகத்தை? அதைக் கேட்டீர்களா? பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பிளாக் தேய்ந்துவிட்டதா, கிராங்க் போய்விட்டதா, கிராங்கைச் சுற்றியிருக்கும் கூடான கிராங்க் கேஸ் உடைந்துவிட்டதா? என்ஜின் எண் அடிக்கப்பட்டிருப்பது கிராங்க் கேஸில். மேலே இருக்கும் பிளாக்கை மாற்றினாலும் பிஸ்டனை மாற்றினாலும் கிராங்க் முழுவதையும் மாற்றினாலும் எண் மாறாது, சட்டச் சிக்கல் எதுவும் வராது. ஆர்.எக்ஸ். 100 பிளாக்கின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். தேய்ந்தால் கால் மில்லிமீட்டர் கணக்கில் உட்புறத்தைக் கடைந்து அகலப்படுத்தி (அதுதான் போரிங்), அதற்கேற்ற பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். எல்லா ஓவர்சைஸும் முடிந்திருந்தால் பிளாக்குக்குள் புதிய உள் உறை (ஸ்லீவ்) போடலாம், அல்லது வேறு பிளாக் வாங்கலாம். கிராங்க் கேஸிலேயே விரிசல் என்றாலும், அது அலுமினியம் என்பதால் பல சமயம் ஆர்கான் வெல்டிங்கில் அடைத்து லேத்தில் சரிசெய்துவிடுகிறார்கள். இவற்றில் எதையுமே சொல்லாமல் முழு என்ஜினை மாற்றச் சொல்பவரிடம் உங்கள் கிராங்க் கேஸ் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு சந்தை விலை உண்டு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆகவே, வண்டியை எடுக்கப் போகும்போது எதை விட்டாலும் எண் அடித்த அந்தக் கிராங்க் கேஸை விட்டுவிடாதீர்கள். சைலன்சரோ கார்புரேட்டரோ காணவில்லை என்றால் வேறு வாங்கிவிடலாம். அது இல்லையென்றால் இப்போதைய என்ஜின் எண்ணோடு ஆர்சியைப் புதுப்பிக்க முடியாது.

வண்டியைக் கையில் வாங்குவது

பகல் நேரத்தில் போங்கள். கூட ஒருவர் வரட்டும், ஆனால் அது ‘ஆம்பளை’யாக இருக்கவேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. சத்தம் போடாத, கவனித்துப் பார்க்கிற ஆளாக இருந்தால் நல்லது. வண்டியையும் பிரித்த பாகங்களையும் படம் எடுங்கள். சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். ‘இந்த எட்டு மாதத்தில் வாங்கிய பொருள், செய்த வேலை இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்க அண்ணே, கணக்கை முடித்துக்கொள்ளலாம்’ என்று கேளுங்கள். பழைய பிஸ்டன், ரிங், பேரிங் உட்பட கழற்றிய அத்தனையும் உங்களுடையவை. சாக்குப் பையில் போட்டுக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரமோ மூவாயிரமோ கூடக் கொடுத்து வண்டி முழுசாக வெளியே வருமென்றால், கொடுத்துவிட்டு ‘கணக்கு தீர்ந்தது’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்பதே என் யோசனை. வழக்கறிஞர் இப்படிச் சொல்லலாமா என்று தோன்றும். நுகர்வோர் ஆணையம் மூன்று மாதத்தில் தீர்ப்புச் சொல்ல முயலவேண்டும் என்று சட்டம் எழுதியிருந்தாலும், நடப்பில் அது நீளும். அதுவரை உங்கள் பாகங்கள் மழையிலும் வெயிலிலும் கிடந்து துரு ஏறும்.

பேச்சில் முடியாவிட்டால் வரிசையாகப் போங்கள். முதலில் வண்டியையும் பாகங்களையும் பதினைந்து நாளில் ஒப்படைக்கக் கேட்டு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம். நீங்களே தமிழில் எழுதலாம். அடுத்தது உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் அங்கே சட்ட உதவி இலவசம். வழக்கு போடாமலே எதிர்த்தரப்பை அழைத்துப் பேசி முடித்துவைப்பார்கள். இதுபோன்ற சிறு தகராறுகளுக்கு நான் அதிகம் நம்பும் இடம் அதுதான். நீதிமன்ற வளாகத்திலிருந்து அழைப்பு வந்தாலே பலருக்குக் கணக்கு நினைவுக்கு வந்துவிடும். அங்கேயும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும்.

போலீஸுக்கு இப்போதே போகவேண்டாம். ‘இது சிவில் மேட்டர்மா’ என்று திருப்பி அனுப்பிவிட்டால் அவருக்குத்தான் தெம்பு கூடும். கிராங்க் கேஸ் இல்லை, விற்றுவிட்டேன் என்றோ, வண்டியைக் காட்டவே முடியாது என்றோ சொன்னால் கதை மாறிவிடும். நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடல் செய்வது பாரதிய நியாய சன்ஹிதா 316-வது பிரிவின்கீழ் குற்றம். அப்போது புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

வண்டியை ஓட்டிக்கொண்டோ தள்ளிக்கொண்டோ வராதீர்கள். ஒரு குட்டியானை பிடித்து ஏற்றிவிடுங்கள். ஆர்சி காலாவதியான வண்டி சாலையில் பதிவில்லாத வண்டியாகத்தான் பார்க்கப்படும், முதல் முறையே 5,000 வரை அபராதம். அதைவிட எனக்குக் கவலை இன்சூரன்ஸ். அப்பா காலத்தில் எடுத்த பாலிசி முடிந்திருக்கும். ஒர்க்‌ஷாப் பையன் ‘ட்ரையல்’ பார்க்கிறேன் என்று எடுத்துப்போய் யார்மீதாவது மோதிவிட்டால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வண்டியின் உரிமையாளர் தரப்பாக நிற்கப்போவது உங்கள் குடும்பம். பாலிசி இல்லாவிட்டால் இழப்பீடு வீட்டுச் சொத்திலிருந்து போகும். இந்த ரக வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். அடுத்த மெக்கானிக்கிடம் விடுவதற்குமுன் அது இருக்கட்டும், டெஸ்ட் ரைடு அதற்குப் பிறகுதான்.

நல்ல மெக்கானிக்கை எங்கே தேடுவது

சுயதொழில் மெக்கானிக்குக்கு உரிமம் தரும் அமைப்போ, புகார் போனால் அதைப் பறிக்கும் அமைப்போ கிடையாது. அதனால் விசாரிப்புதான் ஒரே வழி. நீங்களும் விசாரித்தீர்கள், ஆனால் கேட்ட ஆள் சரியில்லை என்று நினைக்கிறேன். அப்பாவின் நண்பர் அந்த மெக்கானிக்கிடம் கடைசியாக வண்டி விட்டது எப்போது, என்ன வண்டி என்று கேட்டீர்களா? ‘நல்ல மனுஷன், நம்மாளு’ என்பது குணத்துக்கான சான்று. ஆர்.எக்ஸ். போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியின் வேலைக்குச் சான்று சொல்லவேண்டியவர் இன்று அதை ஓட்டிக்கொண்டிருப்பவர்.

உங்கள் ஊரில் ஆர்.எக்ஸ். வண்டியைத் தினமும் ஓட்டுபவர் ஒருவராவது இருப்பார். பாலிஷ் போட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பவரைச் சொல்லவில்லை. வயலுக்கும் கடைக்கும் அதிலேயே போய்வருபவரை நிறுத்திக் கேளுங்கள். யார் பார்க்கிறார், கடைசியாக என்ஜின் வேலை எப்போது நடந்தது, சொன்ன தேதியில் வண்டி வந்ததா? மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் அங்கே போங்கள்.

அதைவிட நம்பகமான இடம் ஒன்று உண்டு, பலருக்கு அது தோன்றுவதில்லை. லேத் பட்டறை. சுற்றுவட்டாரத்து மெக்கானிக் எல்லாருடைய பிளாக்கும் போரிங்குக்கு அங்கேதான் வந்தாக வேண்டும். ‘யார் பிளாக்கோடு பிஸ்டனையும் சேர்த்துக் கொண்டுவந்து தருகிறார்கள்?’ என்று லேத்காரரிடம் கேளுங்கள். போரிங் அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கு எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அவ்வளவு விட்டுச் செய்யவேண்டிய வேலை. பிளாக்கை மட்டும் கொடுத்தனுப்பி ‘அடுத்த சைஸ் போட்டு வை’ என்று போனில் சொல்பவர் ஒரு ரகம். பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு, மைக்ரோமீட்டரில் என்ன வருகிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர் இன்னொரு ரகம். இறுக்கமாகப் போனால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், தளர்ந்தால் சில மாதத்திலேயே சத்தம் கேட்கும். இரண்டாவது ரகத்து ஆளின் பெயரை லேத்காரர் யோசிக்காமல் சொல்வார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரிலும் கேட்டுப் பாருங்கள். மலிவான டூப்ளிகேட்டை வாங்கி ஒரிஜினல் விலைக்கு பில் கேட்கும் ஆள் யாரென்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் வாடிக்கையாளரை விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார்கள். யார் பெயரைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்பதிலிருந்து நீங்களே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் மெக்கானிக்கைப் பார்ப்பதற்குமுன் அங்கே நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். என்ஜின் இறக்கிய வண்டிகள் தூசி படிந்து வரிசையாக நின்றால், அவர் எடுக்கும் வேகத்தில் முடிப்பதில்லை. கழற்றிய போல்ட் நட்டுகள் எதில் இருக்கின்றன? வண்டிக்கொரு டப்பாவில் இருந்தால் நல்லது. எல்லாம் ஒரே தகரத்தில் கலந்து கிடந்தால் உங்கள் போல்ட் இன்னொரு வண்டிக்குப் போகும்.

பேச்சிலும் தெரிந்துவிடும். உங்கள் வண்டி வருடக்கணக்கில் நின்ற வண்டி. அப்படி நின்றால் டேங்கில் துரு பிடித்திருக்கும், கார்புரேட்டர் அடைத்திருக்கும், கிராங்கின் ஆயில் சீல் காய்ந்து காற்று இழுக்கும், சைலன்சரில் கரி இருக்கும். ‘கடைசியா எப்ப ஓடுச்சு? முன்னாடி எப்ப போரிங் பண்ணாங்க?’ என்று கேட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்து, டேங்கையும் கார்புரேட்டரையும் சுத்தம் செய்து ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் என்ஜினைத் தொடவேண்டும். கிக்கரை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு ‘இறக்கணும்’ என்றவரிடம் நீங்கள் அன்றே உஷாராகியிருக்கலாம். ‘இது எனக்குச் சரியாத் தெரியலை, லேத்துல காட்டிட்டுச் சொல்றேன்’ என்று ஒருவர் சொன்னால், தயங்காமல் அவரிடம் விடுங்கள்.

முப்பது வருட அனுபவம் என்பதற்கு மயங்கவேண்டாம். அந்த முப்பதில் கடைசிப் பதினைந்து வருடம் அவர் ஸ்ப்ளெண்டரும் ஸ்கூட்டியும் மட்டுமே பார்த்திருக்கலாம். முப்பது வயதுப் பையன் ஆர்.எக்ஸ். பைத்தியத்தில் பத்து என்ஜின் பிரித்துச் சேர்த்திருக்கலாம். ஆனால் இளைஞர்களிடம் வேறொரு வில்லங்கம்: ‘போர்ட்டிங் பண்ணிடலாம்கா, சைலன்சர் மாத்துனா சும்மா பறக்கும்’ என்பார்கள். கம்பெனியில் வந்தபடியே வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒலி, புகை வரம்பை மீறிய வண்டிக்கு அபராதம் 10,000 வரை போகும்.

உங்களிடம் பேசாமல் ஆண்களை வரச் சொன்னதைக் கடைசிக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் குறையாக வைத்திருக்கவேண்டும். பணம் கொடுப்பவரிடம் கழற்றிய பாகத்தைக் காட்டி ‘இங்க பாருங்கம்மா, இந்த ரிங் தேஞ்சிருக்கு’ என்று விளக்கமுடியாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்களுக்கு உதவமாட்டார்.

பிடித்துப்போனாலும் எடுத்த எடுப்பில் என்ஜினைக் கொடுக்காதீர்கள். பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், டேங்க் கழுவுவது என்று சின்ன வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். சொன்ன நாள், சொன்ன தொகை, கழற்றிய பழைய பாகம் மூன்றும் சரியாக வந்தால் பெரிய வேலைக்குப் பேசலாம். அப்போது ஒரு தாளில் இவ்வளவு இருந்தால் போதும்:

- வண்டி எண், என்ஜின் எண், சேஸிஸ் எண், விட்ட தேதி.
- செய்யவேண்டிய வேலை, லேபர் தனியாக, ஸ்பேர் தனியாக.
- மதிப்பீட்டுக்குமேல் செலவானால் கேட்டுவிட்டே செய்யவேண்டும்.
- முடிக்கும் தேதி. முடியாவிட்டால் பாகங்களோடு திருப்பித் தரவேண்டும்.

முத்திரைத்தாள் எதுவும் வேண்டாம். எழுதிப் படம் எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘ஓகே’ வாங்கிக்கொள்ளுங்கள். எழுதக் கூச்சப்படுபவர்களைச் சந்தேகிக்கவேண்டாம், நீங்களே எழுதிவிடுங்கள். ‘என்மேல நம்பிக்கை இல்லையா?’ என்று கோபப்படுபவரிடம் விடாதீர்கள்.

நீங்கள் செய்யவேண்டியதும் உண்டு. அட்வான்ஸை மொத்தமாகத் தராதீர்கள், ஸ்பேர் வாங்க வாங்கக் கொடுங்கள். முடிந்தால் ஸ்பேரை நீங்களே கடையில் வாங்கிக்கொடுங்கள், பில் உங்கள் பெயரில் இருக்கும். ஆனால் லேபரில் கஞ்சத்தனம் வேண்டாம். துருப்பிடித்த போல்ட் ஒன்றைக் கழற்ற அரை நாள் போகும், நின்றுபோன மாடலின் ஒரு சீலுக்காகச் சென்னை புதுப்பேட்டை வரை சொல்லிவைக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் நாலு புது வண்டிக்கு ஆயில் மாற்றினால் அவருக்குக் கூடுதலாகவே கிடைக்கும். பழைய வண்டியை ஓரம் கட்டுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

தம்பி சொன்ன பதினைந்து வருடக் கணக்கு

அவர் கேள்விப்பட்டது டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவு. அங்கே பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை விதித்தார்கள். தமிழ்நாட்டில் உங்கள் வண்டியை வயதுக்காக மட்டும் ஸ்கிராப்புக்குப் போடவேண்டியதில்லை. முதல் பதினைந்து வருடத்துக்குப்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம், உங்கள் அப்பா 2009, 2014, 2019 என்று மூன்று முறை அதைத்தான் செய்திருக்கிறார். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி இருபது வருடம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். தாமதக் கட்டணமும் பசுமை வரியும் அதோடு சேரும். ‘விண்டேஜ் பதிவு வாங்கிவிடலாமா’ என்றும் கேட்டிருந்தீர்கள். அது ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு. 1994 வண்டிக்கு இன்னும் காலம் இருக்கிறது, தவிர அந்தப் பதிவில் தினசரி ஓட்டவும் முடியாது.

வண்டி ஓடும் நிலைக்கு வந்ததும் ஆய்வுக்குக் காட்டவேண்டும், புகைச் சான்றும் வேண்டும். ஆனால் பெயர் மாற்றத்துக்கான காகிதங்களை இன்றே தொடங்கலாம். உரிமையாளர் இறந்தால் முப்பது நாளில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. அந்தக் காலம் தாண்டிவிட்டது, ஆகவே தாமதத்துக்குக் காரணம் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும், அபராதமும் இருக்கலாம். இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளான அம்மா, தம்பி இருவரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். அப்பா வண்டியைக் கடனில் வாங்கியிருந்தால், ஆர்சியில் ஃபைனான்ஸ் பதிவு ரத்தாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தம்பி பொங்கலுக்கு வரும்போது அவருடைய சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.